பள்ளிக்கூடத்திலிருந்து எங்கே? தலைமையாசிரியர், கல்வி அலுவலர், சங்கம், அரசியல்: ஓர் ஒப்பீடு

15, 20 வருடம் மனசார பாடம் நடத்திய ஆசிரியருக்கு ஒரு கட்டத்தில் ஒரு தவிப்பு வரும். வகுப்பறைக்குள் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ஆனால் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிற பல விஷயங்கள் வகுப்பறைக்கு வெளியே அல்லவா முடிவாகின்றன? காலிப் பணியிடம், ஒழுகும் கூரை, ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்று பட்டியல் நீளும். அப்போதுதான் 'நாமே ஏன் மேலே போகக் கூடாது' என்ற கேள்வி எழுகிறது. மேலே என்றால் எங்கே என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்னால் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: தலைமையாசிரியர் நாற்காலி, கல்வி அலுவலர் பதவி, ஆசிரியர் சங்கம், தேர்தல் அரசியல். சங்கத்தில் வட்டாரப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பதவிகளைச் சம்பளத்தையும் மரியாதையையும் வைத்து ஒப்பிட்டால் தெளிவு கிடைக்காது. மூன்று பிரச்சினைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை. இரண்டு, சுவரில் விரிசல் விட்ட ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடம். மூன்று, மாநிலம் முழுக்க ஆசிரியர்களைப் பாதிக்கிற ஒரு விதி. இவற்றில் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ, அதை எந்த நாற்காலியிலிருந்து சரிசெய்ய முடியும் என்று பாருங்கள்.

தலைமையாசிரியர்

முதல் பிரச்சினையைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிப்பு வர வைக்க தலைமையாசிரியரால்தான் முடியும். எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்குப் போடுவது, முதல் பாடவேளையை எதற்கு ஒதுக்குவது, தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சி நூலைப் பக்கம் நிரப்புவதற்குப் பயன்படுத்துவதா, பிள்ளைக்குச் சொல்லித்தரப் பயன்படுத்துவதா என்பதெல்லாம் அந்த மேசையில் முடிவாகிறவை. மாநிலத்தில் 37 ஆயிரத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஒரே அரசாணை, ஒரே பாடநூல், ஒரே சம்பள விகிதம். அப்படியிருந்தும் அடுத்தடுத்த ஊர்ப் பள்ளிகளில் ஒன்றில் சேர்க்கை கூடுகிறது, இன்னொன்று மூடும் நிலைக்கு வருகிறது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு தலைமையாசிரியருடையது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த நாற்காலியின் கஷ்டமும் சின்னதல்ல. தொடக்கப் பள்ளி என்றால் தலைமையாசிரியரே வகுப்பும் எடுக்க வேண்டும். கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு, காலை உணவு, மதிய உணவு எண்ணிக்கை, ஆதார், வங்கிக் கணக்கு என்று விவரம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் 'உடனடியாக அனுப்பவும்' என்று காலை பத்து மணிக்குச் செய்தி வந்தால் அன்றைய முதல் பாடவேளை போச்சு.

இரண்டாவது பிரச்சினையில் தலைமையாசிரியரின் கை எவ்வளவு தூரம் நீளும்? ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர்கள் கல்வித்துறையின் கீழ், கட்டடமோ ஒன்றியத்தின் கீழ். சுவரில் விரிசல் கண்டால் தலைமையாசிரியர் போட்டோ எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதமும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு நகலும் கொடுக்கிறார். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். கட்டடம் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று சான்று வர வேண்டும். அப்புறம் இடிக்க அனுமதி, அதற்கப்புறம் புதுக் கட்டடத்துக்கு நிதி. அதுவரை பிள்ளைகள் தாழ்வாரத்திலோ வேப்ப மரத்தடியிலோ உட்கார வேண்டியதுதான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கிற வேலை வேகமெடுத்தது. அதற்கு முன்னாலும் தலைமையாசிரியர்கள் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொரு கருவி கைவசம் இருக்கிறது, பலர் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது தலைவராக ஒரு தாய் வரும்படி செய்தார்கள். பிள்ளையின் அம்மா ஒருவர் தீர்மான நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் போய் நின்றால், தலைமையாசிரியரின் பத்துக் கடிதத்துக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும். இந்தக் குழுவை உண்மையாக நடத்தத் தெரிந்த தலைமையாசிரியர், அரசியலின் அரிச்சுவடியைச் சட்டத்துக்கு உட்பட்டே கற்றுக்கொண்டவர் ஆகிறார்.

வட்டாரக் கல்வி அலுவலரும் அதற்கு மேலும்

பெரும்பாலானோர் இயல்பான 'மேலே' என்று நினைப்பது இதைத்தான். வட்டாரக் கல்வி அலுவலர் பதவிக்கு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பதவி உயர்விலும் போகலாம், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வு எழுதியும் போகலாம். மாவட்டக் கல்வி அலுவலருக்கு டி.என்.பி.எஸ்.சி. நேரடித் தேர்வும் உண்டு, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கான பதவி உயர்வும் உண்டு. அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், இணை இயக்குநர், இயக்குநர்.

ஏணி நேராகத்தான் தெரிகிறது. ஏறிப் பார்த்தவர்களின் அன்றாடத்தைக் கேளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரின் பெரும்பொழுது சம்பளப் பட்டியல், பணிப் பதிவேடு, விடுப்பு அனுமதி, பதவி உயர்வு முன்னுரிமைப் பட்டியல், கூட்டங்கள் என்றே கழிகிறது. பள்ளிப் பார்வைக்குப் போகும் நாளிலும் போனில் மாவட்டத்துக்குப் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டேதான் வகுப்புக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. நல்ல அலுவலர்கள் இதற்கு நடுவிலும் அழகாக வேலை செய்கிறார்கள். ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுகிறார்கள், புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்குத் தெம்பு கொடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் தங்கள் சொந்த நேரத்தைத்தான் செலவிட வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம், ஏணியின் உச்சி ஆசிரியர் குடும்பத்தின் கையில் நிரந்தரமாக இல்லை. 2021ல் பள்ளிக் கல்வி இயக்குநரின் அதிகாரத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையரிடம் கொடுத்தார்கள். சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2023ல்தான் இயக்குநர் பொறுப்பு மறுபடி துறைக்குள்ளிருந்து வந்தவரிடம் திரும்பியது. 2018ல் தொடக்கக் கல்விக்குத் தனியாக இருந்த மாவட்ட நிர்வாகத்தைக் கலைத்து முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தார்கள், 2022ல் மறுபடி பிரித்தார்கள். இந்த மாற்றங்கள் எதையும் அலுவலர்கள் தீர்மானிக்கவில்லை, அவர்களுக்கு உத்தரவு வந்தது.

அப்படியானால் அலுவலர் பதவியில் பெரிதாக எதுவும் சாதிக்க முடியாதா? முடியும், நெ.து. சுந்தரவடிவேலு சாதித்தார். பள்ளித் துணை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவர், 1954ல் பொதுக் கல்வி இயக்குநரானார். காமராசர் ஆட்சியில் மதிய உணவு, புதுப் பள்ளிகள், ஊர்மக்களே பள்ளிக்குப் பொருள் கொடுத்த சீரமைப்பு மாநாடுகள் என்று அவர் கை படாத இடமில்லை. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். அவர் திறமைசாலி, கடும் உழைப்பாளி. அதோடு, அவருக்குப் பின்னால் ஒரு முதலமைச்சர் உறுதியாக நின்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த ஆதரவு அமையாத காலத்தில் இதே திறமையுள்ள அலுவலர் பாதி வேலையைத்தான் செய்ய முடியும். ஆகவே அலுவலர் வழியைத் தேர்ந்தெடுப்பவர் தன் பலத்தில் பாதியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.

அதிகாரி வழிக்கும் அரசியல் வழிக்கும் நடுவில் நின்ற இன்னொரு ஆசிரியரும் நினைவுக்கு வருகிறார். 1970களில் தில்லியில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர் மாயாவதி. அவர் வீட்டுக்கு வந்த தலித் இயக்கத் தலைவர் கன்ஷிராம், கலெக்டர்கள் கோப்போடு வரிசையில் நிற்கும் இடத்துக்கே உன்னைக் கொண்டுபோகிறேன் என்ற பொருளில் பேசியதாகச் சொல்வார்கள். 1995ல் அவர் உத்தரப் பிரதேச முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அதிகாரி வழிக்கும் அரசியல் வழிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

சங்கம்

வேலையை விடாமல் பொதுவாழ்வுக்குள் கால் வைக்க அரசு ஆசிரியருக்குச் சட்டம் அனுமதிக்கும் ஒரே வாசல் சங்கம். மூன்றாவது பிரச்சினைக்கு, அதாவது விதி மாற்றத்துக்கு, இது பல முறை பலன் கொடுத்திருக்கிறது. ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் ஆனதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் உண்டு. இன்றைக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருவதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் இளம் ஆசிரியர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அபாயமும் தெரிந்தே இறங்க வேண்டும். 2003 வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. பெரும்பாலானோர் திரும்ப வேலைக்கு வந்தார்கள் என்றாலும் அந்த நாட்களில் வீடுகளில் அடுப்பெரிந்த விதம் அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டத்திலும் கைதும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி குறிப்பாணையும் வந்தன.

சங்கம் நல்ல பயிற்சிக்களம். மேடையில் பேச, கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுத, அமைச்சர் அறைக்குள் பத்து நிமிடத்தில் விஷயத்தை முடிக்க அங்கே கற்றுக்கொள்ளலாம். ஆனால் சங்கம் ஆசிரியருக்காக இருக்கிறது. பிள்ளைக்கு நல்லதும் ஆசிரியருக்கு நல்லதும் பல இடங்களில் ஒன்றுதான், சில இடங்களில் ஒன்றல்ல. ஆசிரியர்கள் பணியிடம் தேர்ந்தெடுக்கும் பொதுமாறுதல் கலந்தாய்வில் மலைக் கிராமப் பள்ளி காலியாகவே கிடக்கும்போது அந்த முரண் பளிச்சென்று தெரியும்.

அரசியல்

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் இதில் அரைகுறைத் தகவலோடு இருக்கிறார்கள். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அரசு ஆசிரியர் கட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது, தேர்தலில் ஓட்டுக் கேட்கக் கூடாது. வேட்பாளருக்கு பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134-ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கே இடமுண்டு. தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் வேலையை விட்டாக வேண்டும். வேட்புமனுப் பரிசீலனை நடக்கும்போது நீங்கள் அரசு ஊழியராக இருக்கக் கூடாது. கடிதம் கொடுத்திருக்கிறேன் என்பது போதாது, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே பெரிய வித்தியாசம் ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் இடையில் இருக்கிறது. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் ஓய்வூதியத்துக்குச் செல்லாமல் போகும். 20 வருடத் தகுதியான பணி அல்லது 50 வயது நிறைந்தவர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியக் கணக்கே வேறு என்பதால், அவர்கள் தங்கள் கணக்கு அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். கட்சியில் யாரோ 'சீட் உறுதி' என்று சொன்ன உற்சாகத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதுவது குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம்.

கேரளத்தில் நிலைமை நெடுங்காலம் வேறாக இருந்தது. அங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் பணியில் இருந்தபடியே தேர்தலில் நிற்கச் சட்டம் இடம் கொடுத்தது. சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்த கே.கே. சைலஜா 1996ல் கூத்துப்பறம்பில் வென்றார், 2004ல்தான் விருப்ப ஓய்வு பெற்றார். 2016 முதல் 2021 வரை சுகாதார அமைச்சராக நிபா, கோவிட் காலங்களில் அவர் செய்த வேலை எல்லாருக்கும் தெரியும். 2021ல் மட்டன்னூரில் 60 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், ஆனாலும் அடுத்த அமைச்சரவையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அரசியலில் நல்ல வேலைக்கும் பதவிக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதை ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில், உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் பணியில் இருந்தபடியே தேர்தலில் நிற்கும் சலுகை செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டமன்றத்தோடு மேலவை என்ற இரண்டாவது அவையும் இருக்கும் மாநிலங்களில் இன்னொரு வழியும் உண்டு. அரசியலமைப்பின் 171ஆவது பிரிவுப்படி மேலவை இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கர்நாடகத்தில் ஏழு ஆசிரியர் தொகுதிகள். ஹூப்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த பசவராஜ் ஹொரட்டி 1980ல் தொடங்கி எட்டு முறை ஆசிரியர் தொகுதியில் வென்று, கல்வி அமைச்சராகவும் மேலவைத் தலைவராகவும் இருந்தவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டுரிமை உயர்நிலைப் பள்ளி அளவுக்குக் குறையாத ஆசிரியர்களுக்கு மட்டும்தான், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இல்லை. நிற்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதேபோல் பட்டதாரிகள் ஓட்டுப் போடும் மேலவைத் தொகுதி பற்றி நம் சென்னையிலிருந்து போன வழக்கு ஒன்றில், வேட்பாளர் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை என்று 1972லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை. 2010ல் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது, 2011 ஆட்சி மாற்றத்தோடு அது நின்றுபோனது. எனவே நம் ஊரில் இந்த வழியை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

மிச்சமிருப்பது சட்டமன்றமும் உள்ளாட்சியும். பச்சையப்பன் கல்லூரியில் 1944 முதல் 1957 வரை தமிழ் கற்பித்த க. அன்பழகன், அதே 1957ல் சட்டமன்றத்துக்குப் போய்ப் பின்னாளில் கல்வி அமைச்சரானார். அவர் பேராசிரியராக இருந்த காலத்திலேயே இயக்கத்தில் ஊறியவர். இன்றைக்கு அரசு ஆசிரியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கட்சியில் சேருகிறவர், 20 வருடமாக போஸ்டர் ஒட்டிய கிளைச் செயலாளருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அது நியாயமும்கூட. வைப்புத்தொகை 10 ஆயிரம் ரூபாய்தான், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆயிரம். ஆனால் தேர்தல் ஆணையம் அனுமதிக்கும் செலவு வரம்பே 40 லட்சம் என்பதிலிருந்து களத்தின் அளவு புரியும். ஓய்வுக்காலப் பணத்தை இதில் போடாதீர்கள்.

ஜெயித்துவிட்டால் கை நீளமானதுதான். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. விரிசல் விட்ட அந்தக் கட்டடத்துக்கு மாற்றாக இரண்டு வகுப்பறை கட்ட ஒரு பரிந்துரைக் கடிதம் போதும். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்கலாம்.

என் பார்வையில் ஆசிரியருக்கு மிகப் பொருத்தமான அரசியல் ஊராட்சியில் இருக்கிறது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த 'வாத்தியார்' அல்லது 'டீச்சர்' என்ற பெயருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் பள்ளியின் நிலையை ஊர் முன்னால் வைக்கலாம், இடைநின்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தேடலாம், குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் வேலைகளை எடுக்கலாம். அடுத்த படியாக ஒன்றியக் கவுன்சிலர் ஆனால் பள்ளிக் கட்டடங்களுக்கான தீர்மானமே உங்கள் மேசைக்கு வரும், அங்கே கட்சிச் சின்னமும் வரும். சிக்கல்கள் இல்லாமல் இல்லை. இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் உங்கள் ஊர் யாருக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. தேர்தலே தள்ளிப்போகவும் செய்யும். 2016 முதல் 2019 முடியும்வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கீழ்தான் கிடந்தன.

நான் சொல்லும் வரிசை

வயது 40க்குள் என்றால் அரசியல் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டுத் தலைமையாசிரியர் நாற்காலியைக் குறிவையுங்கள். அதற்குள்ளேயே இப்போது ஒரு தடை இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் மிச்சமுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு கிடையாது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவர்களை மறுபடி தேர்வு மேசைக்கு அழைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இதை மாற்ற வேண்டுமென்றால் சங்கமும் அரசும் நாடாளுமன்றமும்தான் வழி, தலைமையாசிரியராலோ அலுவலராலோ ஆகாது. அதுவரை படித்துத் தேறிவிடுவதே புத்திசாலித்தனம்.

45க்கு மேல், தலைமையாசிரியராக நான்கைந்து வருடம் ஆகிவிட்டது, பள்ளி ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்றால் அப்போதுதான் அலுவலரா, அரசியலா என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது. கோப்பு வேலையில் நிதானமும், மேலிடத்து உத்தரவைத் தாங்கும் பொறுமையும், சக ஆசிரியரைக் கைபிடித்துத் தூக்கிவிடும் ஆசையும் இருந்தால் அலுவலர் வழி. அங்கே 60 வயதுவரை சம்பளமும் பாதுகாப்பும் உண்டு. ஆனால் உங்களை உறுத்துவது கட்டடமும், இடைநிற்றலும், ஊரின் அலட்சியமும் என்றால் அலுவலர் பதவிக்காக 55 வயதுவரை காத்திருப்பதில் பயனில்லை. 20 வருடப் பணியை முடித்து, கடன்களைக் கட்டி, பிள்ளைகளின் படிப்புச் செலவை ஒதுக்கி, வீட்டில் இருப்பவர்கள் முழுமனதாகச் சரி என்று சொன்ன பிறகு விருப்ப ஓய்வு பெற்று ஊராட்சிக்கு வாருங்கள்.

அப்படி முடிவெடுப்பவர் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மூன்று மாத முன்னறிவிப்பு, தணிக்கைத் தடை நீக்கம், நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற சான்று எல்லாம் சேர்ந்து ஒரு கல்வியாண்டையே விழுங்கிவிடும். மே மாதத்தில் ஓய்வு பெறும்படி விண்ணப்பித்தால் வகுப்புப் பிள்ளைகள் நடுவருடத்தில் ஆசிரியர் இல்லாமல் நிற்க மாட்டார்கள். பள்ளிப் பொறுப்பை ஒப்படைக்கும்போது பதிவேடுகள், இருப்புப் பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு மூன்றையும் கையெழுத்தோடு ஒப்படைத்து நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் எதிரணியினர் முதலில் கிளறுவது அந்தக் கணக்கைத்தான்.